நிரம்பியே இருக்கும் ராம், கரண்ட் போனால் தொலையும் பதிவுகள்: டிஸ்க் கேஷ் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

நீலகிரியில் ஜூன் பிறந்தால் கூடலூர், பந்தலூர் பக்கம். ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரி பக்கம். மரம் சாய்ந்து லைன் அறுந்து, கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். கொழுந்து எடை போடும் இடம், லாட்ஜ் வரவேற்பு, ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை என்று எங்கிருந்து வந்தாலும் அந்த நாட்களின் கம்ப்யூட்டர் புகார்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். "ராம் ஃபுல்", "காப்பி ஆனது, ஆனால் கோப்பு காலி", "காலையில் மட்டும் மெதுவு", "கடைசி பத்து எடை காணோம்". உடனே ராம் வாங்குவார்கள், இல்லையென்றால் டிஸ்க்கை மாற்றுவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்தத் தரவு இந்த நிமிடம் ராமில் இருக்கிறதா, டிஸ்க்கில் இருக்கிறதா?

இங்கே வரும் எண்கள் லினக்ஸுக்கு உரியவை. விண்டோஸ் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறோம். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

வேலை நடக்கும் விதம்

ஒரு கோப்பைப் படித்தால், ஆபரேட்டிங் சிஸ்டம் அதை 4 கேபி பக்கங்களாக ராமில் வைத்துக்கொண்டுதான் நிரலுக்குக் கொடுக்கிறது. நிரலை மூடினாலும் அந்தப் பக்கங்கள் ராமிலேயே கிடக்கும். மறுபடி கேட்டால் டிஸ்க்கைத் தொடாமல் அங்கிருந்தே வரும். இதுதான் டிஸ்க் கேஷ். கோப்பை வரிசையாகப் படிக்கிறீர்கள் என்று தெரிந்தால், கேட்பதற்கு முன்பே அடுத்த பகுதியையும் இழுத்து வைக்கும்; வழக்கமான அளவு 128 கேபி வரை.

எழுதும்போது இது தலைகீழாக நடக்கும். நிரல் எழுதியது முதலில் ராமுக்குப் போகிறது. அந்தப் பக்கம் 'டர்ட்டி' என்று குறிக்கப்படுகிறது, நிரலுக்கு "எழுதியாயிற்று" என்று பதில் போய்விடுகிறது. உண்மையில் டிஸ்க்குக்குப் போவது பின்னால்தான். 5 விநாடிக்கு ஒருமுறை கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுந்து பார்த்து, 30 விநாடிக்கு மேல் பழையதான டர்ட்டி பக்கங்களை எழுதும். டர்ட்டி பக்கங்கள் கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால், காலக்கெடுவுக்குக் காத்திருக்காமல் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதம் ஆனால் எழுதுகிற நிரலையே நிறுத்தி வைக்கும்.

படிக்கும் பக்கத்துக் கேஷால் வருவது மெதுவு மட்டும்தான். எழுதும் பக்கத்துக் கேஷ்தான் தரவைத் தொலைக்கும். கரண்ட் நம்ப முடியாத ஊரில் கவனம் அங்கேதான் வேண்டும்.

அறிகுறி: ராம் எப்போதும் நிரம்பியே இருக்கிறது

'ஃப்ரீ -எம்' என்று கொடுத்தால் வரும் அட்டவணையில் எல்லோரும் 'ஃப்ரீ' நெடுவரிசையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் 'அவைலபிள்'. 4 ஜிபி கணினியில் ஃப்ரீ 150 எம்பி, அவைலபிள் 2300 எம்பி என்றால் குறையே இல்லை. மிச்சம் கேஷாக இருக்கிறது. நிரல் கேட்ட கணத்தில் கிடைத்துவிடும். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் கருநீலமாகத் தெரியும் 'ஸ்டாண்ட்பை' பகுதி இதே வகை.

உண்மையான பற்றாக்குறையை 'விஎம்ஸ்டாட் 1' காட்டிக்கொடுக்கும். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' (ராமில் இடம் போதாமல் டிஸ்க்குக்குப் போய்வரும் அளவு) இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேலே ஓடி, அவைலபிளும் சில நூறு எம்பிக்குள் சுருங்கியிருந்தால் ராம் வாங்கலாம். அப்போதுதான் வாங்கலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பஃப்/கேஷ் 2 ஜிபி என்று காட்டும், ஆனால் அவைலபிள் 300 எம்பிதான் இருக்கும். அப்படியானால் அந்தக் கேஷ் டிஸ்க்கிலிருந்து வந்ததல்ல. ராமிலேயே அமைத்த டெம்ப்எஃப்எஸ் கோப்புகளும் பகிர்வு நினைவகமும் இதே கணக்கில்தான் சேரும்; அவற்றைக் கெர்னலால் தூக்கி எறிய முடியாது. அட்டவணையின் 'ஷேர்டு' நெடுவரிசையைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் 'டிஎஃப் -எச் -டி டெம்ப்எஃப்எஸ்' கொடுத்து எந்த அடைவு வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து அழியுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, கேஷைக் காலி செய்யும் 'டிராப்_கேஷஸ்' ஓட்டும் கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை) வரியைச் சில கடைகளில் பார்க்கலாம். விண்டோஸில் 'ராம் கிளீனர்' நிரல்கள் செய்வதும் அதுதான். எண் அழகாகத் தெரியும், கணினி மெதுவாகும். எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: காலையில் முதல் முறை மெதுவு, அப்புறம் சரியாகிவிடுகிறது

இரவு கணினியை அணைத்தால் கேஷ் முழுவதும் போய்விடும். காலையில் பில்லிங் நிரல் கேட்கும் ஒவ்வொரு பக்கமும் டிஸ்க்கிலிருந்தே வர வேண்டும். கணக்குப் போட்டால் அளவு புரியும். 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் அங்கும் இங்குமாகக் கேட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 100 முறைதான் படிக்கும். தரவுத்தளத்தின் இண்டெக்ஸில் சிதறிக் கிடக்கும் 20,000 பக்கங்கள் வேண்டுமென்றால் 200 விநாடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு மேல். கிடைப்பது வெறும் 80 எம்பி. அதே டிஸ்க் வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 120 எம்பி கொடுக்கும். 800 எம்பி தரவுத்தளம் முழுவதையும் 7 விநாடியில் முடித்துவிடும்.

ஆகவே வைத்தியம் எளிது. கணினி எழுந்ததும், பில்லிங் நிரல் திறப்பதற்கு முன், தரவுத்தளக் கோப்பை முழுவதுமாக ஒருமுறை 'கேட்' கொடுத்து 'டெவ் நல்'லுக்கு (வந்ததை எங்கும் சேமிக்காத வெற்று இடம்) தள்ளுங்கள். அல்லது 'விஎம்டச் -டி' கோப்புப் பெயர். எவ்வளவு கேஷில் ஏறியது என்பதை 'ஃபின்கோர்' காட்டும்: அதன் 'ரெஸ்' நெடுவரிசை கோப்பின் அளவுக்கு அருகில் இருந்தால் போதும். அவைலபிள் நினைவகத்தைவிடப் பெரிய கோப்புக்கு இந்தத் தந்திரம் உதவாது. பின்பகுதி ஏறும்போது முன்பகுதியை வெளியே தள்ளிவிடும். அங்கே எஸ்எஸ்டிதான் மருந்து. பழைய ஐ3 கணினிக்கு ஒரே ஒரு செலவு செய்ய முடியுமென்றால் ராமைவிட எஸ்எஸ்டிக்கே எங்கள் வாக்கு.

அணைக்காமல் 'சஸ்பெண்ட்' செய்தால் கேஷ் அப்படியே இருக்கும். ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் இரவு முழுக்க சஸ்பெண்டில் விடுவது யுபிஎஸ் நன்றாக இருந்தால் மட்டும்.

முந்தைய மாலை வேகமாக இருந்தது, கணினியை அணைக்கவும் இல்லை, ஆனாலும் காலையில் மெதுவு என்றால் இரவு பேக்கப்பைச் சந்தேகியுங்கள். கேமரா பதிவோ கல்யாணப் படங்களோ 100 ஜிபி ஒருமுறை ஓடினால், 4 ஜிபி ராமில் பில்லிங் பக்கங்களுக்கு இடம் மிஞ்சுவது கஷ்டம். ஒரே முறை படித்த பக்கங்களையும் திரும்பத் திரும்பத் தொட்ட பக்கங்களையும் லினக்ஸ் தனித்தனிப் பட்டியலில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கும். சிறிய ராமில் அந்தக் காப்பு முழுமையாக எடுபடாது. பேக்கப்புக்கு முன்னும் பின்னும் ஃபின்கோர் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேக்கப்பை 'சிஸ்டம்டி-ரன் --ஸ்கோப் -பி மெமரிஹை=300எம்' என்ற கூண்டுக்குள் ரூட்டாக (நிர்வாகி உரிமையுடன்) ஓட்டினால், அது படிக்கும் கேஷும் அந்தக் கணக்கிலேயே சேரும்; 300 எம்பிக்கு மேல் போனால் தன் பழைய பக்கங்களையே அது விடும், பில்லிங்குடையதைத் தொடாது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று: ஊட்டியில் மார்கழி, தை விடியலில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும். பல ஹார்டு டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்த இயங்கு வெப்பம் 0 அல்லது 5 டிகிரி. ஜன்னலோரம் தரையில் இருக்கும் பெட்டியை முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள்.

அறிகுறி: பென்டிரைவ் காப்பி சட்டென்று 100 சதவீதம், ஆனால் கோப்பு காலி

காப்பிப் பட்டை காட்டுவது ராமுக்குள் போன அளவைத்தான். 8 ஜிபி கணினியில் 6 ஜிபி அவைலபிள் என்றால், அதில் 20 சதவீதம், 1.2 ஜிபி வரை டர்ட்டியாகத் தேங்கலாம். மலிவான பென்டிரைவ் விநாடிக்கு 8 எம்பி எழுதினால், பட்டை 100 தொட்ட பிறகும் 150 விநாடி பாக்கி இருக்கும். சுற்றுலாப் பயணி அவசரமாகக் கிளம்புகிறார், ஸ்டுடியோக்காரர் உருவி எடுத்துக் கொடுக்கிறார். அடிவாரம் போய்த் திறந்தால் பெயர் இருக்கும், அளவு பூஜ்யம். கோப்புப் பெயர் முதலில் எழுதப்பட்டு, உள்ளடக்கம் பின்தங்கிவிட்டது.

ப்ராக் அடைவில் உள்ள 'மெம்இன்ஃபோ' கோப்பில் 'டர்ட்டி', 'ரைட்பேக்' என்று இரண்டு வரிகள் உண்டு. 'வாட்ச்' கட்டளையால் அவற்றை விநாடிக்கு ஒருமுறை பாருங்கள்: காப்பி முடிந்த பின்னும் லட்சக்கணக்கான கேபி மெல்ல இறங்கிக்கொண்டிருப்பது தெரியும். 'சிங்க்' கட்டளை கொடுத்தால் எல்லாம் இறங்கிய பிறகுதான் கர்சர் திரும்பும். அப்புறம் எஜெக்ட், அப்புறம் உருவுதல். பென்டிரைவ் விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு தவணைக்கு நடுவிலும் அது அணையும்.

நாள் முழுக்கப் பென்டிரைவ் காப்பி செய்யும் கடைக்கு நிரந்தரத் தீர்வு, தேக்கத்தையே சிறிதாக்குவது. எட்க் அடைவின் சிஸ்கன்ட்ரோல்.டி-க்குள் (sysctl.d) ஒரு கோப்பு உருவாக்கி இரண்டு வரி எழுதுங்கள்:

விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 67108864
விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ் = 16777216

அதாவது 64 எம்பி, 16 எம்பி. 'சிஸ்கன்ட்ரோல் --சிஸ்டம்' கொடுத்தால் நடைமுறைக்கு வரும். சதவீத அமைப்புகள் தாமாகவே பூஜ்யமாகிவிடும். இனி பட்டை உண்மையான வேகத்தில் நகரும், கடைசியில் பாக்கி 8 விநாடிக்குள். பெரிய காப்பி ஓடும்போது மவுஸ் கூட நகராமல் கணினி உறையும் புகாருக்கும் பெரும்பாலும் இதே மருந்துதான். மெதுவான டிரைவுக்காக 20 சதவீதம் நிரம்பி, மற்ற நிரல்களின் எழுத்தும் வரிசையில் மாட்டிக்கொள்வதால் வருவது அது. வேகமான எஸ்எஸ்டி மட்டும் உள்ள சர்வரில் 64 எம்பி மிகக் குறைவு; அங்கே இதைச் செய்ய வேண்டாம்.

விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவுகளுக்கு 'குயிக் ரிமூவல்' தான் இயல்பு. எழுத்துக் கேஷ் கிடையாது. வெளி எஸ்எஸ்டிக்கு யாராவது 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றியிருந்தால் நிலைமை பழையபடிதான். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் 'பாலிசிஸ்' பக்கத்தில் பார்க்கலாம்.

அறிகுறி: காப்பி செய்ததும் சரிபார்த்தேன், சரி, மறுநாள் கோப்பு கெட்டிருக்கிறது

சரிபார்த்தது பென்டிரைவை அல்ல, ராமை. இப்போதுதான் எழுதிய பக்கங்கள் கேஷில் இருக்கும்போது 'எம்டி5சம்' (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்தால், டிரைவ் பக்கமே போகாமல் பதில் வந்துவிடும். 64 ஜிபி என்று அச்சிட்டு 8 ஜிபி சிப் வைத்த போலி பென்டிரைவுகள் இதனால்தான் கடையில் பரிசோதனையில் தேறிவிடுகின்றன.

சரியான வரிசை: காப்பி, சிங்க், எஜெக்ட், உருவி மறுபடி செருகுதல், அதன் பிறகு எம்டி5சம். செருகியே வைத்துச் செய்ய வேண்டுமென்றால் சிங்க் கொடுத்து, பிறகு ப்ராக்/சிஸ்/விஎம்/டிராப்_கேஷஸ் கோப்பில் 3 என்று எழுதுங்கள். சிங்க் முன்னால் வர வேண்டும், ஏனென்றால் டர்ட்டி பக்கங்களை டிராப்_கேஷஸ் தொடாது. டிராப்_கேஷஸுக்கு நியாயமான வேலை உள்ள இடங்கள் இவ்வளவுதான்: இது ஒன்று, வேகச் சோதனை இன்னொன்று. புதிய பென்டிரைவின் முழுக் கொள்ளளவையும் சோதிக்க 'எஃப்3ரைட்', 'எஃப்3ரீட்' இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள்.

வேகச் சோதனையிலும் இதே ஏமாற்று நடக்கும். சாட்டா டிஸ்க்கில் 'டிடி' காப்பி விநாடிக்கு 2 ஜிபி காட்டினால் ராமை அளந்திருக்கிறீர்கள். சாட்டா 3 இணைப்பின் உச்சமே 600 எம்பி. 'கான்வ்=எஃப்டேட்டாசிங்க்' சேர்த்து ஓட்டுங்கள். 'எச்டிபார்ம்' கட்டளையில் பெரிய டி கேஷை அளக்கும், சின்ன டி டிஸ்க்கை அளக்கும். இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு டிஸ்க் அபாரம் என்று சொல்பவர்கள் உண்டு.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பின் கடைசிப் பதிவுகள் இல்லை

எவ்வளவு நேரத்துப் பதிவு போயிற்று என்று முதலில் கேளுங்கள். குற்றவாளியை அந்தக் கால அளவே காட்டும்.

பத்து நிமிட வேலை போனதென்றால் அது டிஸ்க் கேஷ் இல்லை. நிரல் இன்னும் கோப்பில் எழுதவே இல்லை. லிப்ரே ஆபிஸ், எக்செல் இரண்டிலும் தானியங்கிச் சேமிப்பின் இயல்பு இடைவெளி 10 நிமிடம். அதை 2 ஆகக் குறையுங்கள், வேலை முடிந்தது.

அரை நிமிடத்தை ஒட்டிப் போனதென்றால் கெர்னலின் 30 விநாடிக் காலக்கெடு. நிரல் எழுதியது, ஆனால் கோப்பை உடனே டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் 'எஃப்சிங்க்' அழைக்கவில்லை. கோப்பை மூடினாலே டிஸ்க்குக்குப் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. மூடுவது எதையும் இறக்காது. எடை நிரலை எழுதியவரிடம் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் எஃப்சிங்க் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் 'விஎம்.டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ்' மதிப்பை 3000-இலிருந்து 500 ஆக்கினால் இழப்பு பத்து விநாடிக்குள் அடங்கும். லேப்டாப்பில் மின்சாரம் சேமிக்கும் டிஎல்பி நிரலை நிறுவியிருந்தால், பேட்டரியில் ஓடும்போது அது இந்தக் காலக்கெடுவை 60 விநாடியாக நீட்டும். மின்சாரம் சேமிக்க நல்லது, எடை மேடைக்கு ஆகாது.

ஓரிரு பதிவு மட்டும் போனதென்றால் தரவுத்தள அமைப்பு. மைஎஸ்க்யூஎல்லில் 'இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட்' 1 ஆக இருக்க வேண்டும். 0 அல்லது 2 என்றால் ஒரு விநாடி அளவுக்கு இழக்கச் சம்மதித்ததாக அர்த்தம். எஸ்க்யூலைட்டில் 'சிங்க்ரனஸ்' ஃபுல்லாக இருக்கட்டும். 'வால்' (WAL: மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதுவது) முறையில் நார்மல் வைத்தால் கோப்பு கெடாது, ஆனால் கடைசிப் பதிவுகள் போகலாம். ஆஃப் என்றால் கோப்பே கெடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் போனால், டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் எழுத்துக் கேஷைப் பாருங்கள். எஃப்சிங்க் வந்ததும் கெர்னல் அதையும் காலி செய்யச் சொல்லும், ஆனால் எந்த டிஸ்க்கை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் யாராவது வேகத்துக்காக 'நோபேரியர்' சேர்த்திருந்தால் சொல்லாது. அந்தச் சொல்லை நீக்குங்கள். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கில், பெட்டியின் சிப் அந்தக் கட்டளையைக் கடத்தாமலும் இருக்கலாம்; 'எச்டிபார்ம் -டபிள்யூ 0' (டபிள்யூ பெரிய எழுத்து) கொடுத்துக் கேஷை அணைத்துப் பார்க்கலாம். எழுத்து வேகம் நன்றாகவே குறையும்.

யுபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. அது இருக்கிறது என்பது போதாது. யுஎஸ்பி கேபிள் போட்டு, 'நட்' நிரல் மூலம் பேட்டரி இறங்கியதும் கணினி தானாக அணைய வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு குளிரில் குறையும். மே மாதம் பன்னிரண்டு நிமிடம் தாங்கியது தை மாதமும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலக் காலையில் நிரல்களை மூடி, சிங்க் கொடுத்து, யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி நேரம் பாருங்கள்.

அறிகுறி: இன்னொரு கணினியில் மாற்றியது இங்கே தெரியவில்லை

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) என்றால், கோப்பின் அளவையும் தேதியையும் உங்கள் கணினி 3 முதல் 60 விநாடி வரை நினைவில் வைத்திருக்கும். மூடித் திறந்தால் புதிதாகக் கேட்கும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்து இதே புகார் என்றால் காரணம் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்': அணைத்தபோது அது முழுதாக அணையவில்லை, டிரைவின் நிலையைத் தனக்குள் வைத்துக்கொண்டே தூங்குகிறது. 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுத்து நிறுத்துங்கள்.

அறிகுறி: நேற்று திறந்த கோப்பு, ரீஸ்டார்ட் ஆனதும் 'ஐ/ஓ எரர்'

டிஸ்க் நேற்றே கெட்டிருக்கும். கேஷ் அதை மறைத்துவிட்டது. கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) பதிவில் ஐ/ஓ எரர் வரிகள் இருக்கின்றனவா, 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' அட்டவணையில் 5, 197, 198 எண்களின் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களின் கணக்கு) கடைசி மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் அல்ல, கேபிள். மூடுபனி உள்ளே வரும் அறையில் கனெக்டரையும் துடைத்து மாட்டுங்கள்.

எழுதும்போது பிழை வந்தால் இன்னும் மோசம். எழுத முடியாத பக்கத்தை லினக்ஸ் 'எழுதியாயிற்று' என்று குறித்துவிடுவதுண்டு. இரண்டாம் முறை எஃப்சிங்க் கொடுத்தால் வெற்றி என்றே வரும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்கள் இதைக் கண்டு திகைத்து, எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே சர்வரை நிறுத்திப் பதிவேட்டிலிருந்து மீட்கும்படி மாற்றினார்கள். ஆகவே பிழைக்குப் பின் "மறுபடி சேவ் பண்ணினேன், ஆகிவிட்டது" என்பதை நம்ப வேண்டாம்.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பிழை வரிகளைக் கவனித்துவிட்டால், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். முக்கியமான கோப்புகளுக்கு ஃபின்கோர் எடுங்கள். ரெஸ் முழு அளவு காட்டுபவை ராமில் நல்ல நிலையில் இருக்கின்றன, டிஸ்க்கில் அவை படிக்க முடியாமல் போயிருந்தாலும் கூட. முதலில் அவற்றை வேறு டிரைவுக்குக் காப்பி செய்து, சிங்க் கொடுத்து, அந்த டிரைவைக் கழற்றுங்கள். அதன் பிறகே கணினியை அணைத்து, வேறு கணினியில் 'டிடிரெஸ்க்யூ -டி -ஆர்3' மூலம் மிச்சத்தை மீட்கப் பாருங்கள். அந்த '-டி' கேஷைத் தவிர்த்து நேராக டிஸ்க்கைப் படிக்கும். எதுவரை மீட்டது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பை மூன்றாவது ஒரு டிரைவில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.